சுரண்டாதீர்கள், அது வண்டியின் தோல்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் சான்றோர்களே, கண்காட்சிக்காகக் கண்விழித்து உழைத்த இளைஞர்களே, பழைய வண்டிகளைப் பெற்ற பிள்ளைபோல் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். என்னை அன்போடு மேடையேற்றிய செயலாளர் அவர்களுக்குத் தனி நன்றி.

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பார்கள். ஓடாத மோட்டார் சைக்கிளுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான். காரணங்கள் மூன்று: அருமை, வரலாறு, அசல்.

அருமை என்பது எண்ணிக்கை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஜார்ஜ் பிரஃப் 1940 வரை கட்டிய பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் மொத்தமே சுமார் 3,000. இன்னொரு இங்கிலாந்து நிறுவனமான வின்சென்ட் கட்டிய பிளாக் லைட்னிங் வண்டிகளோ முப்பதைச் சுற்றித்தான்.

வரலாற்றுக்கு வருகிறேன். 1948 செப்டம்பர். அமெரிக்காவின் பானவில் உப்பு வெளி. ரோலி ஃப்ரீ என்ற வீரர் வின்சென்ட் வண்டியில் மணிக்கு 150 மைலைத் தாண்டத் துடிக்கிறார். ஓட்டிப் பார்க்கிறார், சற்றே குறைகிறது. காற்று கிழித்ததில் தோல் உடுப்பு தொங்குகிறது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? உடுப்பைக் கழற்றி எறிந்தார்! நீச்சல் கால்சட்டை, தலையில் ஒரு தொப்பி, இரவல் காலணி. அவ்வளவுதான். வண்டிமேல் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டி, அம்புபோல் பாய்ந்தார். கீழே தோலை உரித்தெடுக்கும் உப்பு, அய்யா! விழுந்திருந்தால்? விழவில்லை. 150.313 மைல்! பக்கத்தில் ஓடிய காரிலிருந்து எடுத்த படத்தை இன்றும் உலகம் வியந்து பார்க்கிறது.

மூன்றாவது, அசல். அந்த வண்டிக்குப் பக்கத்தில் அச்சாக அதேபோல் இன்னொன்றை நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றாகுமா? எதை வைத்து அடையாளம் காண்பீர்கள்? தொழிற்சாலையில் சுத்தியலால் அடித்துப் பொறித்த இன்ஜின் எண், சேசிஸ் எண், முதல் பெயின்ட். இவைதான் சாட்சி.

அந்தச் சாட்சியைத்தான் நாம் உப்புத்தாள் போட்டு அழிக்கிறோம்! நான் வாங்கிய முதல் பழைய வண்டியைப் பளபளப்பாக்க ஒரு பட்டறையில் விட்டேன். திரும்பி வந்தபோது, முன்பு ஓட்டியவரின் முழங்கால் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த டேங்க் ஓரம் இல்லை. தூரிகையால் கையால் இழுத்த பொன்கோடு இல்லை. இன்ஜின் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தடவினால்கூடத் தெரியவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இறந்தாலும் ஆயிரம் பொன் என்றார்களே, தந்தத்தை அறுத்து எறிந்துவிட்டா அப்படிச் சொன்னார்கள்? துருவை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், போதும். பெயின்டைச் சுரண்டாதீர்கள். கழற்றிய பழைய போல்ட்டைக்கூடப் பெயர் எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள்.

தலைவர் அவர்கள் நேரத்தைப் பார்க்கிறார்கள். ஒரே வேண்டுகோள். கீழே இறங்கியதும், ஒவ்வொருவரும் உங்கள் வண்டி எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து வாசல் மேசையில் கொடுங்கள். தாளும் பென்சிலும் நான் கொண்டுவந்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.