துப்பாக்கி எடுத்துப்போகிறவர் தேடிப் படிக்க வேண்டிய ஒரு வரி

வணக்கம் மக்களே. டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது முடிந்து சட்டத் தடை ஏதும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகலாம். இங்குள்ள நம் ஆட்களும் வாங்குகிறார்கள். கூடவே, சந்தா கட்டினால் வக்கீல் செலவைப் பார்த்துக்கொள்ளும் திட்டங்களில் சேரலாமா என்று கேட்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. இந்த ஒப்பந்தங்களை உட்கார்ந்து படித்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன். தற்காப்புக்காகவே சுட்டிருந்தாலும் இரண்டு பக்கம் இருந்தும் வழக்கு வரலாம். அரசு போடுவது கிரிமினல் கேஸ், சுடப்பட்டவர் குடும்பம் நஷ்ட ஈடு கேட்டுப் போடுவது சிவில் கேஸ். வீட்டு இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே ஏற்படுத்திய காயத்துக்கு அது பொதுவாகப் பணம் தராது. தற்காப்புக்காக என்றால் மட்டும் சில பாலிசிகள் பணம் தரும், அதுவும் சிவில் கேஸுக்குத்தான். கிரிமினல் வக்கீலுக்கு உங்கள் கைக்காசுதான்.

அந்தச் செலவுக்குத்தான் இந்தத் திட்டங்கள். யுஎஸ்சிசிஏ என்ற துப்பாக்கிக்காரர் அமைப்பில் சேர்ந்தால் பின்னால் ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசி நிற்கிறது. ஹூஸ்டனில் உள்ள யுஎஸ் லாஷீல்டு, வக்கீல் சேவையை முன்கூட்டியே சந்தாவாக விற்கிறது. 2008-ல் தொடங்கிய ஆர்ம்டு சிட்டிசன்ஸ் லீகல் டிஃபென்ஸ் நெட்வொர்க், உறுப்பினர் பணத்தில் நிதி சேர்த்து உதவுகிறது. இவற்றின் விலையை ஒப்பிடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்தது தற்காப்பா இல்லையா என்று முடிவு செய்வது யார், எப்போது? அதைச் சொல்லும் வரியை முதலில் தேடுங்கள்.

இதோ, ஒரு பாலிசியைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 24 மணி நேர உதவி எண் பெரிய எழுத்தில் இருக்கிறது. நாம் தேடும் வரி நடுவில், 'விலக்குகள்' என்ற தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் கிடக்கிறது: சட்டவிரோதச் செயலுக்குக் காப்பீடு கிடையாது. செய்தது சட்டவிரோதம் என்று யார், எப்போது தீர்மானிப்பார்கள் என்பதுதான் கேள்வி.

2018-ல் லூசியானாவில் ஒரு பெண், பிரிந்து வாழ்ந்த கணவரைச் சுட்டுக்கொன்றார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் இப்படியொரு திட்டத்தில் சேர்ந்திருந்தார். தற்காப்பு என்றார். முதலில் பணம் கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி, பிறகு இதே போன்ற வரியைக் காட்டி நிறுத்திவிட்டது. ஜூரி அவரைக் கொலைக் குற்றவாளி என்று சொன்னது அதற்கப்புறம், 2022-ல்தான். அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிரபராதி ஒருவர் மீதும் இதே வரி பாயலாம், அதுதான் என் கவலை. ஜாமீன், தடயவியல் நிபுணர், சாட்சி தேடும் ஆள் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியிருப்பது தீர்ப்புக்கு முன்னால்தான். விடுதலையான பிறகு தருகிறோம் என்றால், வீட்டை அடகு வைத்துத்தான் கேஸ் நடத்த வேண்டும். தண்டனை வந்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா என்றும் பாருங்கள்.

கிரீன் கார்டுகாரர்கள் இதைக் கவனியுங்கள். 'சின்னக் குற்றமாக ஒப்புக்கொள், சிறை வேண்டாம்' என்று அரசுத் தரப்பு பேரம் பேசும். நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பதிவானால் நாடு கடத்தவே வழியுண்டு. இதை வக்கீல் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்று 2010-ல் படீயா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியேற்ற வக்கீலின் கட்டணமும் திட்டத்தில் அடங்குமா என்று கேளுங்கள்.

மாநிலத்தையும் பாருங்கள். நியூயார்க்கில் இத்தகைய காப்பீட்டை விற்றதற்காக என்ஆர்ஏ என்ற துப்பாக்கி உரிமைச் சங்கம் 2020-ல் 25 லட்சம் டாலர் கட்டியது. வாஷிங்டன் மாநிலத்திலோ, தற்காப்புதான் என்று ஜூரி சொல்லி விடுவித்தால் நியாயமான வக்கீல் செலவை அரசே திருப்பித் தரும்.

சேரும் முன் விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு, முழு பாலிசியையும் ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கும் கம்பெனிக்குப் பணம் கட்டாதீர்கள்.