ராத்திரி எட்டு மணிக்கு நிக்கிற ரோடு

[காட்சி: கல் பாவிய தெரு. பெரிய வளைவு வாயிலுக்குள் கார்கள் போய் வருகின்றன.]

இந்த வாயிலைப் பாருங்க. பெல்ஜியத்துல ஈப்பர்னு ஒரு சின்ன ஊர். பகல் முழுக்கக் காரும் சைக்கிளும் இதுக்குள்ள புகுந்துதான் போகும். ராத்திரி எட்டு மணி நெருங்கினா போலீஸ் வந்து ரோட்டை மறிச்சிடுவாங்க. யூனிஃபார்ம் போட்ட சிலர் நடு ரோட்டுல நின்னு பியூகிள்ங்கிற ராணுவ ஊதுகொம்பை ஊதுவாங்க. கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் வண்டிங்க கிளம்பிடும்.

முதல் உலகப் போர்ல செத்த சிப்பாய்களுக்கு மரியாதை செலுத்த, 1928-ல ஊர் போலீஸ் அதிகாரி ஒருத்தர் போட்ட யோசனை இது. 2015 ஜூலையில 30,000-ஆவது தடவையா ஊதினாங்க. ஊதுறவங்க ராணுவம் இல்லை, உள்ளூர் தீயணைப்புப் படைக்காரங்க.

[ஒலி: பியூகிள், சில விநாடிகள்.]

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம ஊர்ல அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடக்கும்போது ஊதுவாங்களே, அதேதான். பேரு 'லாஸ்ட் போஸ்ட்'. பாசறையில காவல் சுத்தி வந்தாச்சு, இன்னிக்குப் பொழுது முடிஞ்சதுன்னு சிப்பாய்களுக்குச் சொல்ற ஊதல்.

[காட்சி: 1918. இடிந்து கிடக்கும் ஊர்.]

முதல் உலகப் போர்ல நாலு வருஷம் இந்த ஊரைச் சுத்தியே சண்டை. ஊர்ப் பேரு வாயில நுழையாம பிரிட்டிஷ் சிப்பாய்கள் 'வைப்பர்ஸ்'னு கூப்பிட்டாங்க. ஆமா, கண்ணாடி துடைக்கிற வைப்பர்தான். கடைசியில ஊரையே துடைச்சுப் போட்ட மாதிரி ஆயிடுச்சு.

இடிபாட்டை அப்படியே நினைவுச் சின்னமா விட்டுடலாம்னு சர்ச்சில் சொன்னார். ஊர்க்காரங்க காதுல வாங்கலை. திரும்பி வந்து வீடு கட்டினாங்க. எனக்கென்னவோ அவங்க பக்கம்தான் நியாயம்னு படுது. நினைவுச் சின்னத்துல யாரு குடித்தனம் பண்றது?

போர் சமயத்துல இங்க வாயில் கட்டடமே கிடையாது. கோட்டை மதில்ல ஒரு இடைவெளி, ரெண்டு பக்கமும் கல் சிங்கம், மேனின்ங்கிற ஊருக்குப் போற ரோடு, அவ்வளவுதான். போர்முனைக்குப் போன சிப்பாய்கள் இந்தப் பக்கமா நடந்தவங்க. அதனாலதான் 1927-ல இதே இடத்துல அவங்க நினைவா 'மேனின் வாயில்' எழும்பிச்சு.

[காட்சி: கேமரா சுவரை ஒட்டி மெல்ல நகர்கிறது. பெயர்கள், பெயர்கள்.]

செத்த சிப்பாய்களோட பேருங்க, 54,000-க்கும் மேல. ரெஜிமென்ட் வாரியா, அதுக்குள்ள பதவி வாரியா வெட்டியிருக்காங்க. கல்லறை இருக்கிறவங்க பேரு இதுல வராது. உடம்பு கிடைக்காதவங்க மட்டும்தான். இவ்வளவு பெரிய வாயில்லயும் இடம் பத்தலை. 1917 ஆகஸ்ட் பாதியோட சுவர் தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் காணாமப்போன பிரிட்டிஷ்காரங்க பேரை டைன் காட் கல்லறைத் தோட்டத்துச் சுவர்ல வெட்டினாங்க. அங்க கிட்டத்தட்ட 35,000 பேர்.

இன்னமும் இந்த வட்டாரத்துல மண்ணைத் தோண்டினா எலும்பு கிடைக்குது. யாருன்னு அடையாளம் தெரிஞ்சா, பேரு போட்ட கல்லறையில புதைப்பாங்க. அப்புறம் அந்தக் கல்பலகையைப் புதுப்பிக்கும்போது பேரை எடுத்துடுவாங்க. இந்தச் சுவர்ல ஒரு பேரு காணாமப்போச்சுன்னா, ஆளு கிடைச்சிட்டார்னு அர்த்தம்.

[காட்சி: இந்தியப் படைப்பிரிவுகளின் பலகை.]

இதுல 400-க்கும் மேல இந்தியப் படைக்காரங்க பேரும் இருக்கு. 1914 அக்டோபர்லயே இங்க வந்துட்டாங்க. அக்டோபர் 31 அன்னிக்கு, பக்கத்து ஹொல்லபேக்ல, பலூச் ரெஜிமென்ட் சிப்பாய் குதாதத் கானோட சேர்ந்து மெஷின் கன்ல இருந்த மத்த அத்தனை பேரும் செத்துட்டாங்க. காயத்தோட தப்பிச்சவர் அவர் ஒருத்தர்தான். பிரிட்டனோட மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கின முதல் இந்தியச் சிப்பாய் அவர். அடுத்த ஏப்ரல் 22-ல ஜெர்மானியர்கள் குளோரின்ங்கிற விஷ வாயுவைத் திறந்துவிட்டாங்க. நாலே நாள்ல இந்தியப் படையோட லாகூர் டிவிஷனை அந்தப் பக்கம் அனுப்பினாங்க. உருப்படியான முகமூடிகூடக் கிடையாது.

[காட்சி: வாயில், மாலை வெளிச்சம்.]

1940 மே மாசம் ஜெர்மன் படை ஊரைப் பிடிச்சதும் ஊதல் நின்னுபோச்சு. அந்த நாலு வருஷமும் இங்கிலாந்துல புரூக்வுட் கல்லறைத் தோட்டத்துல ஊதினாங்க. 1944 செப்டம்பர் 6, போலந்துப் படை ஈப்பருக்குள்ள வந்தது. ஊரோட இன்னொரு ஓரத்துல சண்டை ஓயலை. அன்னிக்குச் சாயங்காலமே வாயிலுக்கடியில பியூகிள் ஊதியாச்சு.

[காட்சி: ஆளில்லாத தெரு, ஒற்றை ஆள்.]

கொரோனா சமயத்துல கூட்டம் சேர அனுமதி இல்லை. ஒரே ஒருத்தர் எட்டு மணிக்கு வந்து நின்னார், ஊதினார், கிளம்பிட்டார்.