கட்டைவிரல் சொல்லாத அழுத்தம்

வணக்கம். சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் நாம் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. குனிந்து, கட்டைவிரலால் டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்போம். விரல் உள்ளே போகவில்லையா, திருப்தி. ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்குவோம். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அகலமான, இளக்கமான டயருக்கு மாறிய பிறகுதான் அந்த விரலை நம்பக்கூடாது என்று தெரிந்தது.

இளக்கமான டயர் என்றால் என்ன? டயரின் ரப்பருக்கு அடியில் நூல் துணி ஒன்று இருக்கிறது. சாதாரண டயரில் அந்தத் துணி தடிமனானது, பக்கவாட்டிலும் ரப்பர் கனமாகப் பூசியிருக்கும். காற்றே இல்லாவிட்டாலும் விறைப்பாக நிற்கும். இளக்கமான டயரில் நூல் மெல்லியது, பக்கவாட்டில் ரப்பர் பெயருக்குத்தான். ரிம்மிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தால் ஈரத் துணி போலத் துவண்டு தொங்கும். அகலம் 38, 42, 48 மில்லிமீட்டர் என்று போகும்.

இந்த டயரில் எடையைத் தாங்குவது கிட்டத்தட்ட முழுக்கக் காற்றுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார், பிஎஸ்ஐ இரண்டும் காற்றழுத்தத்தை அளக்கும் அலகுகள். 3 பார் அழுத்தம், அதாவது 43 அல்லது 44 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. பின்சக்கரத்தில் 45 கிலோ இறங்கினால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 15 சதுர சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் அகலமான பக்கம். அவ்வளவு இடத்தில்தான் நம் பிரேக்கும் திருப்பமும் நடக்கின்றன.

இன்னொன்று. அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், அகலம் இரண்டு மடங்கானால் அந்த நூல் துணியின் இழுப்பும் இரண்டு மடங்காகும். 25 மி.மீ. டயரில் 6 பார் கொடுக்கிற இழுப்பை 50 மி.மீ. டயரில் 3 பாரே கொடுத்துவிடும். விரல் பெரும்பாலும் அந்த இழுப்பைத்தான் அளக்கிறது. பக்கவாட்டு விறைப்பையும் அதோடு சேர்த்துக்கொள்கிறது. உள்ளே எத்தனை பிஎஸ்ஐ என்று அது சொல்லாது.

சரி, நிறையக் காற்று அடித்தால் வேகமாகப் போகலாமே என்று கேட்பீர்கள். வழவழப்பான இரும்பு உருளையின்மேல் டயரை உருட்டிப் பார்த்தால் அது உண்மைதான். அழுத்தம் ஏற ஏற டயர் குறைவாக வளையும், வளைவதில் வீணாகும் சக்தியும் குறையும். ஆனால் அந்த உருளைமேல் ஆள் இல்லை. நிஜச் சாலையில் டயர் உள்வாங்காத ஒவ்வொரு அதிர்வையும் நம் தொடையும் தோளும் வாங்குகின்றன. உடம்பின் சதை குலுங்கி அந்தச் சக்தி சூடாகப் போய்விடுகிறது. அதைக் கொடுத்தது நம் கால்தானே? சொரசொரப்பான சாலையில் இந்த இழப்பு சிறியதல்ல.

எனக்கு இது புரிந்தது ஜல்லி பெயர்ந்த ஒரு சாலையில். 70 பிஎஸ்ஐ இருக்கும்போது ஹேண்டில் விடாமல் ரீங்கரித்தது, உள்ளங்கை மரத்துப்போனது, பறப்பது போலவும் இருந்தது. அதே சாலையில் 40-க்கு இறக்கி ஓட்டினேன். மெதுவாகப் போகிறோமே என்று மனசுக்குள் ஒரு தவிப்பு. கடிகாரத்தைப் பார்த்தால் நான் தாமதிக்கவே இல்லை. அந்த ரீங்காரத்தைத்தான் நான் வேகம் என்று நினைத்திருந்தேன்.

அதற்காக இறக்கிக்கொண்டே போகவும் முடியாது. இளக்கமான டயருக்குப் பக்கவாட்டில் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. காற்று போதாவிட்டால் திருப்பத்தில் முன்டயர் மடங்கும். சைக்கிளைச் சாய்த்தபின் ஒரு நொடி கழித்துத்தான் அது திரும்புவது போலத் தோன்றும். அதோடு ஓட்டினால் நாளடைவில் பக்கவாட்டு நூல்கள் அறுந்து கோடு கோடாகத் தெரியும். குழியில் ரிம் தரையை இடித்தால், டியூபில் பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை.

ஃபிராங்க் பெர்டோ என்ற அமெரிக்கர் இதற்கு ஓர் அளவு சொன்னார். எடை ஏறும்போது டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் தணிய வேண்டும். 42 மி.மீ. டயரில் அது சுமார் 6 மில்லிமீட்டர். தொடங்குவதற்கு நல்ல இடம், ஆனால் முடிவை ஓட்டித்தான் எடுக்க வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, டயர் 42 என்றால் நான் 45 பிஎஸ்ஐயில் தொடங்கச் சொல்வேன். பழகிய சாலையில், பழகிய திருப்பத்தில், ஒவ்வொரு முறையும் 3 குறையுங்கள். முன்டயர் மடங்குவது தெரிந்ததும் 3 அல்லது 4 ஏற்றுங்கள். முன்னால் எடை குறைவு, அதனால் பின்னால் இருப்பதைவிட நாலைந்து குறைவாக வைக்கலாம்.

டயரில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச எண் வெறும் உச்சவரம்பு, அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ரிம்முக்கும் உச்சவரம்பு உண்டு. டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம் என்றால் 5 பாரை ஒருபோதும் தாண்டக்கூடாது, டயர் கழன்றுவிடலாம்.

அப்புறம் காற்றழுத்தத்தை அளக்க ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். 100 பிஎஸ்ஐயில் 3 கூடினால் தெரியாது, 35-இல் நன்றாகவே தெரியும். பம்பை எடுக்கும்போது வரும் ‘புஸ்’ சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் குழாயில் இருந்த காற்று. லேடெக்ஸ் டியூப் போட்டிருந்தால் ஓட்டும் நாளெல்லாம் காற்றைப் பாருங்கள், ஒரே இரவில் இறங்கிவிடும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் 40 பிஎஸ்ஐயில் ஏறக்குறைய 2 குறையும்.

என் பம்பில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறேன். முன்னால் 36, பின்னால் 40, மூட்டை கட்டும் நாளில் பின்னால் 46. உங்களுடைய எண்கள் வேறாக இருக்கும். கிடைத்ததும் எழுதி ஒட்டிவையுங்கள். வணக்கம்.