சாமந்திக்கு ராத்திரி விளக்கு: செடிக்கும் மண்ணில் விட்ட டிரைக்கோடெர்மாவுக்கும் என்ன ஆகும்?

வணக்கம். வி.கோட்டா பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, பாலிஹவுஸில் சாமந்தி வைத்து ராத்திரி பல்ப் போடுகிறேன். இதனால் சாம்பல் நோய் கூடுமா? வேர் நோயைத் தடுக்க மண்ணில் விட்ட டிரைக்கோடெர்மா பூஞ்சை செத்துப்போகுமா? பல்புக்குப் பதிலாக ஊதா நிற விளக்கு வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?”

தம்பி, முதலில் அந்த பல்ப் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சாமந்தி, பகல் சுமார் பதிமூன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தாலே மொட்டு வைக்கத் தயாராகிவிடும். குப்பம், வி.கோட்டா, இந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி, எங்கே எடுத்தாலும் ஜூன் மாதத்து நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அதனால் நம் ஊரில் வருஷம் முழுக்க அது சாண் உயரத்திலேயே மொட்டு வைக்கப் பார்க்கும். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இருட்டு இடைவிடாமல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை. இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை வெளிச்சம் காட்டினால் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாக உடைந்துபோகிறது. செடி மொட்டை மறந்து வளர்கிறது.

இதற்கு 100 லக்ஸ் வெளிச்சம் போதும். உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் செடி என்ன சாப்பிடும்? ஒன்றும் இல்லை. அது சாப்பாடு இல்லை, சேதி. அந்தச் சேதியைப் படிப்பது இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு வெளிச்சம்தான் அதற்கு நன்றாகப் புரியும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் லெட்யூஸ் விதையை வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு காட்டினால் முளைத்தது. அதன்பின் தூரச் சிவப்பு, அதாவது சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் வெளிச்சம், காட்டினால் முளைக்கவில்லை. மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகப் பார்த்த வெளிச்சத்தின் பேச்சையே விதை கேட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

எங்கள் தோட்டத்தில் மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு விளக்கு விடிய விடிய எரியும். அதன் வெளிச்சம் விழுந்த இரண்டு பாத்தியும் பூக்கவே இல்லை. உரம் குறைவோ என்று நினைத்து ஒரு மாதம் வீணாக்கினேன். விளக்கை அணைத்த பிறகுதான் மொட்டு வந்தது.

சரி, நோய்க்கு வருவோம். பூஞ்சைக்கும் வெளிச்சம் தெரியும். நார்வேயில் ரோஜாவை வைத்துச் செய்த ஆய்வில், இருட்டு வேளையில் சிவப்பு வெளிச்சம் கொடுத்தபோது சாம்பல் நோய்ப் பூஞ்சை வித்து விடுவது வெகுவாகக் குறைந்தது. புற ஊதாக் கதிர் அடிபட்ட பூஞ்சை, நீல வெளிச்சம் கிடைத்தால் அதை வைத்தே தன் காயத்தைச் சரிசெய்துகொள்ளும். இருட்டிலோ சிவப்பிலோ அதற்கு அந்த வசதி கிடையாது. உங்கள் சாமந்தியில் வருவது ரோஜாவில் வரும் அதே பூஞ்சை அல்ல. அதனால் பல்பை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ராத்திரி வெளிச்சம் சாம்பல் நோயைக் கூட்டும் என்று பயப்படவும் வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. பழைய குண்டு பல்ப் சூட்டில் இலை கொஞ்சம் காய்ந்தது. எல்இடி அப்படிச் சூடாகாது, விடிகாலையில் இலை குளிர்ந்து பனி கட்டும். பூ அழுகலைக் கொண்டுவரும் பொட்ரைட்டிஸ் பூஞ்சை அங்கேதான் உட்காரும்.

டிரைக்கோடெர்மா சாகாது தம்பி. நீல வெளிச்சம் பட்டால் அது இன்னும் அதிகமாக வித்து விடும். தட்டில் வளர்த்தவர்கள் அந்தப் பச்சை வளையத்தைப் பார்த்திருப்பார்கள். தவிர, மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்குக் கீழே வெளிச்சமே போகாது. வேர்ப் பக்கத்து உயிர்களுக்கு வெளிச்சம் போய்ச் சேர்வது செடி வழியாகத்தான். இலை நன்றாகச் சமைத்தால் வேர் சர்க்கரையைக் கசியவிடும், அதைத் தின்று அவை பெருகும். அந்தச் சமையல் பகல் வெயிலில் நடப்பது. பாலிஹவுஸ் ஷீட்டில் தூசி படிந்து மங்கியிருந்தால் கழுவுங்கள், மண்ணுக்குக்கூட அது நல்லது. நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை இலையில் தெளிப்பதானால் மட்டும் சாயங்காலம் தெளியுங்கள், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதைக் கொன்றுவிடும்.

ஊதா விளக்கு வேண்டாம். சிவப்பும் நீலமும் கலந்த அந்த விளக்கு, வெயில் போதாத குளிர் நாட்டிலும் மூடிய அறையிலும் செடிக்குச் சாப்பாடு போடுவதற்கு. நமக்கு வெயில் இருக்கிறது. அந்த விளக்கில் இருக்கும் நீலம் உங்கள் இரவை உடைக்கப் பெரிதாக உதவாது, கரண்ட் பில்தான் ஏறும். சிவப்பு எல்இடியோ சாதாரண வெதுவெள்ளை எல்இடியோ போதும், டைமர் கட்டாயம் வையுங்கள். செடி முழங்கால் உயரம் வந்ததும் முழுசாக அணைத்துவிடுங்கள், பக்கத்து விளக்கு எதுவும் உள்ளே விழாமலும் பாருங்கள். அப்புறம், புற ஊதா விளக்கு என்பது இந்த ஊதா விளக்கு அல்ல, வேறு. அதை நீங்களே வாங்கி மாட்டிப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதல்.

விடிகாலையில் பக்கத் திரையை எத்தனை மணிக்குத் தூக்குகிறீர்கள், அப்போது இலையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். மருந்து பற்றி அதற்குப் பிறகு சொல்கிறேன்.