மூக்கில் சேரும் எடை

அவையில் கூடியிருக்கும் பெரியோருக்கும், முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது ஓர் ஏ4 தாள். ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள காகிதம். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே இந்த ஒரு தாளின் எடை 5 கிராம். அப்படியே கையிலிருந்து விடுகிறேன், பாருங்கள். தத்தளித்து, புரண்டு, என் காலடியிலேயே விழுந்துவிட்டது. அதே தாளை இப்போது விமானமாக மடித்து எறிகிறேன். கடைசி வரிசை வரை போய்விட்டது! எடை கூடவில்லை, குறையவில்லை. அப்படியானால் மடிப்பு என்னதான் செய்தது?

முதலில் ஒரு தவறான விளக்கத்தை அகற்றிவிடுவோம். இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தொலைவு அதிகம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர அது விரைந்து ஓடுகிறது என்று படித்திருப்பீர்கள். காற்றுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இந்தக் காகித இறக்கை இருபுறமும் தட்டை, ஆனாலும் பறக்கிறது. சற்றே மூக்கு உயர்ந்த சாய்வில் போகும் இறக்கை, காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான்.

மடிக்காத தாளையும் காற்று தள்ளத்தானே செய்தது, அது ஏன் புரண்டது? காற்றின் தள்ளல் முழுவதும் ஒரு புள்ளியில் விழுவதாகக் கொள்வோம். அது அழுத்த மையம். தட்டையான தாள் சிறு சாய்வில் போகும்போது அந்தப் புள்ளி முன்விளிம்புப் பக்கம் இருக்கிறது. தாளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியான ஈர்ப்பு மையமோ தாளின் நடுவில். எனவே மூக்கு எழும்பி, தாள் புரண்டுவிடுகிறது.

மடிக்கும்போது காகிதம் முன்பக்கம் அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஈர்ப்பு மையத்தை முன்னே கொண்டுவருகிறது. அதன்பின் நடப்பது பேரழகு. மூக்கு உயர்ந்தால் அழுத்த மையம் பின்னே நகர்ந்து வாலைத் தூக்கும், மூக்கு தணியும். மூக்கு தாழ்ந்தால் முன்னே வந்து மூக்கைத் தூக்கும். விமானி இல்லாமலே தன்னைத் திருத்திக்கொள்கிறது! நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாள்களின் முன்பகுதியில் மெல்லிய செப்புப் பட்டை ஒட்டிப் பறக்கவிட்டு, இதை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். முன்னெடை போதாவிட்டால் புரளும். மிகுந்தால் தலைகுப்புறப் பாயும். அளவாக இருந்தால் மிதக்கும். நாம் ஐந்து வயதில் செய்து எறிந்த பொருளுக்குள் இவ்வளவு நுட்பம் இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் சிலிர்ப்பூட்டுகிறது.

எறிந்த வேகம் தணிந்ததும் உயரம்தான் எரிபொருள். சீராக இறங்கும் விமானம் ஒரு மீட்டர் இறங்கி ஐந்து மீட்டர் முன்னேறினால், அதைத் தூக்கும் விசை காற்றுத்தடையைப் போல் ஐந்து மடங்கு என்று பொருள். ஜப்பானின் தக்குவோ டோடா 2010இல் தம் விமானத்தை 29.2 விநாடிகள் காற்றில் நிறுத்தினார். 2022இல் அமெரிக்கப் பொறியாளர்களின் விமானம் 88.318 மீட்டர் சென்றது. நேரத்துக்கு அகன்ற இறக்கை உதவும்; தொலைவுக்கு ஈட்டி போன்ற வடிவம்.

வாசலருகே மேசையில் தாள்களும் கிளிப்புகளும் இருக்கின்றன. விமானம் மடித்து, கிளிப்பை முதலில் வாலில் மாட்டி எறியுங்கள், பிறகு மூக்கில். மூக்கு தரையில் குத்தினால், இறக்கையின் பின்விளிம்பை நகத்தளவு மேலே வளைத்துவிடுங்கள். பிள்ளைகளே, முதல் தாளை யார் எடுக்கிறீர்கள்?