பால்மரத்திலிருந்து கொழுப்பு அமிலத்துக்கு

நேயர்களுக்கு வணக்கம். கேஎல்கே, அதாவது கோலாலம்பூர் கெப்போங் என்றதும் நமக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அதே கம்பெனி இன்று சோப்பு, ஷாம்புக்கு மூலமான கொழுப்பு அமிலத்தை உலகுக்கு விற்கிறது. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று இன்று பார்ப்போம்.

1906-இல் லண்டனில் பதிவான கோலாலம்பூர் ரப்பர் கம்பெனிதான் அதன் வேர். கோலாலம்பூரைச் சுற்றி ஐந்து தோட்டங்கள், மொத்தம் 640 ஹெக்டர், ரப்பரும் காப்பியும். அக்காலத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். இந்த வரலாற்றில் அவர்களுக்குத்தான் முதலிடம் என்பது என் எண்ணம். 1960-இல் கெப்போங் என்ற பெயர் சேர்ந்தது; 1973-இல் மலேசியக் கம்பெனியாகப் பதிவானது. பிறகு செம்பனை. 1970-களில் அரசாங்கம் கச்சா செம்பனை எண்ணெய் ஏற்றுமதிக்கு வரி போட்டு, பதப்படுத்திய எண்ணெய்க்குச் சலுகை கொடுத்தது. எண்ணெயை இங்கேயே பக்குவம் செய்வது லாபமானது. 1991-இல் ரவாங்கில், எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலம் எடுக்கும் பாம்-ஓலியோ ஆலை வந்தது.

ஆலைக்குள் நடப்பது இதுதான். உயரமான எஃகுக் கோபுரத்தில் அடியிலிருந்து எண்ணெயும் மேலிருந்து தண்ணீரும் எதிரெதிராக வருகின்றன. வெப்பம் சுமார் 250 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 50 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஐம்பது மடங்கு. இரண்டு மூன்று மணி நேரத்தில் எண்ணெய் பிளந்து, கொழுப்பு அமிலம் மேலே போகும்; கிளிசரின் கலந்த நீர் கீழே இறங்கும். நூறு கிலோ எண்ணெயில் ஏறக்குறைய பத்து கிலோ கிளிசரின் கிடைக்கும். வெப்பம் குறைந்தால் பிளப்பு முழுமை அடையாது. பிளக்காத கொழுப்பு அடுத்த கட்டமான காய்ச்சி வடித்தலில் அடிவண்டலாகத் தங்கி, அத்தனையும் நஷ்டமாகும்.

காய்ச்சி வடித்தல் வெற்றிடத்தில் நடக்கும். எங்காவது ஊசிமுனை அளவு காற்றுக் கசிவு இருந்தாலும் சூட்டில் அமிலம் மஞ்சளித்துவிடும். அழகுசாதனம் செய்பவர் அதைத் திருப்பி அனுப்புவார். சூடான அமிலம் சாதாரண இரும்பையும் அரிக்கும், இரும்பு கலந்தாலும் நிறம் கெடும். அதனால்தான் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. கொழுப்பு அமிலங்களில் ஒன்றான ஸ்டீயரிக் அமிலம் ஓடும் குழாயை நீராவிச் சுருள் சூடாகவே வைத்திருக்க வேண்டும். சூடு நின்றால், ஐம்பது டிகிரிச் சொச்சத்திலேயே அது உறைந்து மெழுகுக் கட்டையாகிவிடும்.

அமிலங்களைத் தனித்தனியாகப் பிரிப்பதில்தான் காசு இருக்கிறது. செம்பனைப் பருப்பு எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், மூலக்கூறில் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்டது. சோப்பு, ஷாம்பு நுரைக்கு அதுதான் மூலம். எட்டு, பத்து கார்பன் அமிலங்கள் நூறு கிலோவுக்கு ஏழு கிலோ அளவே வரும். ஆனால் மருத்துவ உணவுக்கும் களிம்புக்கும் அதைத் தேடி வாங்குவோர் உண்டு. பல அமிலங்கள் கலந்தபடியே விற்றால் அது வெறும் சரக்கு. பிரித்து, தூய்மையாக்கி, வாங்குபவர் கேட்ட அளவுக்குக் கொடுத்தால் அது சிறப்பு வேதிப்பொருள்.

இந்தத் தேர்ச்சியோடுதான் கேஎல்கே ஐரோப்பாவுக்குப் போனது. 2010-இல் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் எம்மெரிக் ஆலையை பிரிட்டனின் குரோடா என்ற வேதிப்பொருள் கம்பெனியிடமிருந்து வாங்கியது. 2015-இல் டுசல்டோர்ஃப் ஆலையும் அதன் கைக்கு வந்தது. லண்டன் முதலாளிகள் தொடங்கிய தோட்டக் கம்பெனி, நூறு ஆண்டு கழித்து பிரிட்டிஷ் கம்பெனியிடமே ஆலை வாங்கியிருக்கிறது. வணக்கம்.