ஒரே வாக்கியத்தில் முடியாத ஜெபம்

சகோதர சகோதரிகளுக்கு என் அன்பின் வாழ்த்துகள்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தை அப்பாதான் ஏறெடுப்பார். வியாதியஸ்தர், விதவைகள், மிஷனரிகள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று வரிசையாக வரும். நடுவில் ஒரே ஒரு வாக்கியம்: "உம்முடைய நாமத்தினிமித்தம் உபத்திரவப்படுகிற பிள்ளைகளைத் தாங்கும், ஆண்டவரே." அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் யார், எந்த ஊர், என்ன உபத்திரவம், எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். அப்பாவைக் குறை சொல்லவில்லை. வளர்ந்து, ஜெபக் கூட்டங்களை நடத்துகிற ஆளான பிறகும் நான் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் துன்பப்படும் கிறிஸ்தவர்களுக்காக ஜெபிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவனாக வாழ மிகக் கடினமான நாடுகள் என்று ஓப்பன் டோர்ஸ் அமைப்பு வருஷாவருஷம் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அதில் ஏறக்குறைய எப்போதும் முதலிடம் வட கொரியாவுக்குத்தான். 2022-ல் மட்டும் ஆப்கானிஸ்தான் முந்தியது. வட கொரியாவின் கொடுமைக்கும் இஸ்லாமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆகவே இது ஒரு மதத்தின் மேல் உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும் கூட்டம் அல்ல. அந்தக் கோபத்தோடு யாராவது வந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் வருகிறேன்.

உங்கள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கும். "நாளை மதியம் ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு மரண தண்டனை. அவசரமாக ஜெபியுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்." அந்த 'நாளை' பல வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. இன்னொன்று, ஈராக்கின் கரகோஷ் நகரம் விழுந்துவிட்டது என்ற செய்தி. இது பொய் இல்லை. 2014 ஆகஸ்டில் ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) என்ற தீவிரவாத இயக்கத்தார் அந்த ஊரைப் பிடித்தார்கள், ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் ஒரே இரவில் கட்டிய துணியோடு ஓடினார்கள். ஆனால் 2016 அக்டோபரில் ஊர் மீட்கப்பட்டது. 2021 மார்ச் 7 அன்று போப் பிரான்சிஸ் அங்கே போய், எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்ட ஆலயத்தில் மக்களோடு ஜெபித்தார். அந்தப் பழைய செய்தியோ மீட்புக்குப் பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஊர் எழுந்து நின்றுவிட்டது, நாம் மட்டும் 2014-லேயே முழங்காலில் இருந்தோம். ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய நேரத்தில் புலம்பினோம். திரும்பி வந்தவர்களுக்கு வேலை வேண்டும், வீடு வேண்டும், இனி இங்கே பயமில்லாமல் பிள்ளை வளர்க்கலாம் என்ற நம்பிக்கை வேண்டும். அதற்காக ஜெபிக்க அந்தச் செய்தியில் ஒரு வரியும் இல்லை.

ஜெபிக்கிறவனுக்கு விவரம் எதற்கு, கர்த்தருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்பீர்கள். தெரியும். நமக்குத் தெரிய வேண்டாமா? சொந்த மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் "வியாதியஸ்தரைத் தொடும்" என்று பொதுவாகவா ஜெபிப்போம்? எந்த வார்டு, எத்தனை டிகிரி காய்ச்சல், ராத்திரி தூங்கினானா என்று எல்லாவற்றையும் சொல்லித்தானே அழுவோம்.

சரி, ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். ஆசியா பீபி. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஷேக்குபுரா மாவட்டத்து விவசாயக் கூலி. 2009 ஜூன், வெயில் கொளுத்தும் காலம். பழம் பறிக்கப் போன இடத்தில் ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு குடித்தார். உடன் வேலை செய்த பெண்கள், கிறிஸ்தவள் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்றார்கள். வாக்குவாதம். சில நாட்களில் அது நபியை அவமதித்த குற்றச்சாட்டாக மாறியது. 2010 நவம்பரில் தூக்கு தண்டனை.

அந்தத் தண்ணீரை எளிதாகக் கடந்து போய்விடாதீர்கள். பஞ்சாபின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர், நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன் துப்புரவு வேலையில் தள்ளப்பட்டிருந்த சாதியிலிருந்து கூட்டம் கூட்டமாக விசுவாசத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள். இன்றும் சாக்கடை அள்ளுகிறவர்களும் செங்கல் சூளையில் கடனுக்கு உழைக்கிறவர்களும் அவர்களில் ஏராளம். அங்கே வெறுக்கப்பட்டது சிலுவை மட்டும் என்று நினைக்காதீர்கள், தொட்ட கையும் சேர்த்துத்தான். தீட்டு என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பாகிஸ்தானுக்காக ஜெபிக்கும்போது, "எங்கள் நடுவிலும் அந்தக் குவளை இருக்கிறதா ஆண்டவரே" என்று கேட்காமல் மேலே போக எனக்கு வாய் வரவில்லை.

ஆசியா பீபியைக் குற்றவாளியாக்கியது பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தின் 295-சி பிரிவு, 1986-ல் சேர்க்கப்பட்டது. மத நிந்தனை வழக்குகளில் சிக்கியவர்களில் அதிகம் பேர் முஸ்லிம்களே. தங்களை முஸ்லிம்கள் என்று சொன்னாலும் அந்நாட்டுச் சட்டம் அப்படி ஏற்காத அஹ்மதியரும் ஏராளம். ஆனால் மக்கள்தொகையில் இரண்டு சதவீதம்கூட இல்லாத கிறிஸ்தவர்கள், அந்த வழக்குகளில் தங்கள் எண்ணிக்கைக்குப் பல மடங்கு அதிகமாக மாட்டுகிறார்கள். சொத்துத் தகராறு, பழைய பகை, கொடுக்கல் வாங்கல், எதுவும் ஒரு புகாராகிவிடும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்வரைகூடக் கும்பல் காத்திருப்பதில்லை. 2023 ஆகஸ்ட் 16 அன்று பஞ்சாபின் ஜரன்வாலா நகரில் இருபதுக்கும் மேற்பட்ட ஆலயங்களையும் அதற்கும் மேலான வீடுகளையும் ஒரே நாளில் சூறையாடிக் கொளுத்தினார்கள்.

ஆசியா பீபிக்காகப் பேசியவர்களில் இருவரைச் சொல்கிறேன். ஒருவர் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர், முஸ்லிம். சிறைக்கே போய் அவரைப் பார்த்தார். 2011 ஜனவரி 4 அன்று சொந்தப் பாதுகாவலனே அவரைச் சுட்டுக் கொன்றான். இன்னொருவர் சிறுபான்மையினர் நல அமைச்சர் ஷாபாஸ் பட்டி, கிறிஸ்தவர். அதே வருஷம் மார்ச் 2-ம் தேதி அவரையும் சுட்டார்கள். உலகமெங்கும் சபைகள் ஜெபித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆசியா பீபி மட்டும் மரண தண்டனைக் கைதியாக ஏறக்குறைய எட்டு வருஷம் இருந்தார். கடைசியில் 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வாதாடிய வழக்கறிஞர் சைஃபுல் மலூக், அவரும் முஸ்லிம்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்போஸ்தலர் 12-ம் அதிகாரம் வரும். சாதாரணமாக அதில் என்ன பிரசங்கிப்போம்? சபை ஊக்கத்தோடே ஜெபித்தது, சங்கிலி கழன்றது, பேதுரு சிறையிலிருந்து வெளியே வந்தார். அல்லேலூயா! ஆனால் அந்த அதிகாரம் பேதுருவோடு தொடங்கவில்லை. யோவானுடைய சகோதரன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான் என்று இரண்டாம் வசனம் சொல்லிவிடுகிறது. யாக்கோபுக்காக அந்தச் சபை ஜெபித்திருக்காதா? அவரும் இயேசுவோடு மிக நெருங்கியிருந்த மூன்று சீஷரில் ஒருவர்தானே, மறுரூப மலையில் இருந்தவர்தானே? ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே காலம். ஒருவர் செத்தார், ஒருவர் தப்பினார். ஏன் என்று லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் காரணம் கண்டுபிடித்துச் சொல்லப் போவதில்லை.

அப்புறம் அந்தக் கதவருகே நடந்தது. மாற்குவின் தாய் மரியாளின் வீட்டில் எல்லோரும் கூடி ஜெபிக்கிறார்கள். பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்கக்கூட மறந்து உள்ளே ஓடுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "நீ பிதற்றுகிறாய்." விடுதலைக்காக ராத்திரியெல்லாம் ஜெபித்தவர்களுக்கு, விடுதலை வாசலில் வந்து நின்றபோது நம்ப முடியவில்லை. யாக்கோபை அடக்கம் செய்த வீட்டாருக்கு நம்பிக்கை அப்படித்தான் தட்டுத் தடுமாறும். எனக்கு அது பெரிய ஆறுதல்.

இதே கதை ஈரானில் வேறு விதமாக நடந்தது. மெஹ்தி திபாஜ் இஸ்லாமிலிருந்து கிறிஸ்துவிடம் வந்தவர். ஒன்பது வருஷத்துக்கு மேல் சிறை, பிறகு மரண தண்டனை. பேராயர் ஹைக் ஹோவ்செபியன் அந்த வழக்கை உலகத்துக்குச் சொன்னார். 1994 ஜனவரியில் திபாஜ் விடுதலையானார். சில நாட்களுக்குள் ஹைக் காணாமல் போய், பிணமாகக் கிடைத்தார். அதே வருஷம் திபாஜும் கொல்லப்பட்டார். பேதுரு வெளியே வந்தார், யாக்கோபு போனார், பிறகு பேதுருவும் போனார்.

ஈரானைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அங்கே ஆர்மேனியருக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடம், அசீரியருக்கு ஓர் இடம். அவர்கள் தங்கள் மொழியில் ஆராதிக்கலாம். இதைக் காட்டி, அங்கே எந்தப் பிரச்சினையும் இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். பாரசீக மொழியில் ஆராதனை நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள்! இஸ்லாமில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றவர்களுக்கு ஆலயம் இல்லை, வீட்டுச் சபைதான். பிடிபட்டால் தேசப் பாதுகாப்புக்கு எதிராகச் செயல்பட்டதாக வழக்கு வரும். ஆப்கானிஸ்தான், சோமாலியா போன்ற இடங்களில் நிலைமை இன்னும் மோசம், அங்கே முதல் ஆபத்து சொந்த வீட்டிலிருந்தே வரும். இவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பெயர் வெளியே வந்தால் ஆளுக்கே ஆபத்து. ஊரைச் சொல்லி, நிலைமையைச் சொல்லி ஜெபிக்கலாம், அது போதும். தயவுசெய்து யாருடைய புகைப்படத்தையும் சாட்சி என்று சொல்லிப் பரப்பாதீர்கள். நம் உற்சாகம் ஒருவருக்குக் கைவிலங்காகிவிடும்.

எதற்காக ஜெபிப்பது? "அவர்களை அங்கிருந்து கொண்டுவாரும்" என்றுதான் நம் வாய் முதலில் சொல்லும். சிலருக்கு அது சரியான ஜெபம், ஆசியா பீபி கனடாவுக்குப் போகாமல் உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆனால் மோசூலை நினைத்துப் பாருங்கள். 2014 ஜூலையில் ஈராக்கின் அந்த நகரத்தில் ஐஎஸ் இயக்கத்தார் கிறிஸ்தவர் வீட்டுச் சுவர்களில் 'நூன்' என்ற அரபி எழுத்தை எழுதிவைத்தார்கள், கிறிஸ்தவன் என்று பொருள்படும் நசரானி என்பதன் முதல் எழுத்து. மதம் மாறு, வரி கட்டு, வெளியேறு, இல்லாவிட்டால் வாள் என்றார்கள். ஏறக்குறைய எல்லோரும் வெளியேறினார்கள். அந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களில் பலர் இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழியை இன்றும் பேசுகிறவர்கள். 2003-க்கு முன் ஈராக்கில் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்த கிறிஸ்தவர்களில் இன்று ஒரு சிறு பகுதிதான் மிச்சம். அங்குள்ள ஆயர்கள் பலர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது, நாங்கள் இங்கேயே இருக்க முடிய வேண்டும் என்பதுதான். அப்போஸ்தலர் 4-ம் அதிகாரத்திலும் மிரட்டப்பட்ட சபை, மிரட்டலை நிறுத்தும் என்று கேட்கவில்லை, தைரியம் தாரும் என்றே கேட்டது.

இப்போது அந்தக் கோபத்துக்கு வருகிறேன். 2015 பிப்ரவரியில் லிபியாவின் கடற்கரையில் ஐஎஸ் இயக்கத்தார் 21 பேரைக் கழுத்தறுத்து, அதைப் படமாக்கி வெளியிட்டார்கள். இருபது பேர் எகிப்தின் பழமையான காப்டிக் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள், வேலை தேடிப் போன கூலிக்காரர்கள். ஒருவர் கானா நாட்டவர். அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு ஜெபம் வரவில்லை, சாபம்தான் வந்தது. சில நாளில், இரண்டு சகோதரர்களை அங்கே இழந்த ஒருவர் கிறிஸ்தவத் தொலைக்காட்சியில் நேரலையில் பேசினார். கடைசி நேரத்தில் அவர்கள் இயேசுவைக் கூப்பிட்ட சத்தத்தை வெட்டாமல் விட்டதற்காகக் கொலைகாரர்களுக்கு நன்றி சொன்னார். அவர்கள் கண் திறக்கப்பட வேண்டும் என்று ஜெபித்தார். கொன்றவன் வந்தால் வீட்டுக்குள் அழைப்பேன் என்று அம்மா சொன்னதையும் சொன்னார். இழந்தவர்கள் அப்படி ஜெபிக்க, ஒன்றையும் இழக்காத நான் எதை வைத்துச் சபிப்பது?

இந்தோனேசியாவின் ரியாண்டோ என்ற முஸ்லிம் இளைஞரையும் மறக்காதீர்கள். 2000 டிசம்பர் 24 அன்று மொஜோகெர்த்தோவில் ஓர் ஆலயத்துக்குக் காவல் நின்றார். உள்ளே இருந்த வெடிகுண்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார், அது அவர் கையிலேயே வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். முஸ்லிம்களுக்கு எதிராக ஜெபிக்க நினைக்கிறவர் முதலில் இவருடைய குடும்பத்துக்காக ஜெபித்துவிட்டு அப்புறம் யோசிக்கட்டும்.

கடைசியாகச் சிரியாவின் தலைநகர் தமஸ்கு. 2025 ஜூன் 22, ஞாயிறு ஆராதனை நேரத்தில் மார் எலியாஸ் ஆலயத்துக்குள் ஒருவன் சுட்டுக்கொண்டே நுழைந்து தன்னையே வெடிக்கச் செய்தான். குறைந்தது 25 பேர் இறந்தார்கள். அதே தமஸ்குவில்தான், நேர்த்தெருவில் ஒரு வீட்டுக்குப் போ என்று கர்த்தர் அனனியாவிடம் சொன்னார். அங்கே இருந்தவன் விசுவாசிகளைக் கட்டி இழுத்துப் போக வந்தவன். இவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேனே ஆண்டவரே என்று அனனியா தயங்கினார். ஆனாலும் போனார், போய் அவன்மேல் கை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்றார். சகோதரன்!

இனி நான் பேசப் போவதில்லை. எழுந்து நிற்போம். 2013 ஏப்ரலில் சிரியாவின் அலெப்போ அருகே இரண்டு ஆயர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்களிடமிருந்தே தொடங்குவோம். யோஹன்னா இப்ராஹிம். பவுலோஸ் யாசிஜி. பின்வரிசையில் இருப்பவர்களும் உரக்கச் சொல்லுங்கள். பிறகு, அவர்களைக் கொண்டுபோனவர்களுக்காக.